ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம்: இரண்டு பாகப் படம் எப்படித் தயாராகிறது?

சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. 'துரந்தர்' இரண்டாம் பாகத்தைப் பற்றி ஏதோ செய்தி வந்ததும் கடைக்காரத் தம்பி கத்தரியை நிறுத்திவிட்டார்.

"பாத்தீங்களாண்ணே, மொதப் படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. உடனே ரெண்டாவதை எடுத்துட்டான்."

"மூணு மாசத்துலயா?"

"காசு இருந்தா எல்லாம் நடக்கும்ணே."

பக்கத்து நாற்காலியில் முகத்தில் நுரையோடு இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இல்ல. ஒரே படத்தை ரெண்டா வெட்டி ரெண்டு டிக்கெட் விக்கிறானுங்க."

இந்த இரண்டு கட்சியும் எங்கே போனாலும் உண்டு. முதல் கட்சி சொல்வது தப்பு. இரண்டாவது கட்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதியும் வேறு காரணத்துக்காக.

தேதியைப் பாருங்கள். ஆதித்ய தர் இயக்கி, ரன்வீர் சிங் நடித்த இந்தி உளவுப் படமான 'துரந்தர்' 2025 டிசம்பர் 5-ம் தேதி வெளியானது. நீளம் 214 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். படத்தின் பெயரில் 'பாகம் 1' என்று எங்கும் இல்லை. ஆனால் அது முடியும்போதே, அடுத்த பாகம் 2026 மார்ச் 19 என்று திரையில் தேதி போட்டுவிட்டார்கள். இடையில் 104 நாள். இந்த அளவுக்குப் பெரிய சண்டைப் படத்துக்கு ஒலிக்கலவையும் கிராஃபிக்ஸும் முடிக்கவே 104 நாள் போதாது. படம் ஓடிய பிறகு யோசித்து எடுத்திருக்க வழியே இல்லை. முதல் பாகம் திரைக்கு வந்த அன்று இரண்டாம் பாகத்தின் காட்சிகள் ஏற்கெனவே கையில் இருந்திருக்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று விஷயம், ஒரே பெயர்

நம் பேச்சில் எல்லாமே 'பார்ட் டூ'தான். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, தொடர்ச்சிப் படம். ஒரு படம் வந்து, ஓடி, லாபம் பார்த்த பிறகு அதே நாயகனை வைத்து எழுதும் புதுக் கதை. 'ஏக் தா டைகர்' 2012-ல் வந்தது, 'டைகர் ஜிந்தா ஹை' 2017-ல். நடுவில் ஐந்து வருஷம். முதல் படத்தைப் பார்க்காதவர்கூட இரண்டாவதில் உட்கார்ந்து கதையைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே முன்னது பின்னதற்குத் தேவையே இல்லை.

இன்னொன்று, பொது உலகம். யஷ் ராஜ் நிறுவனம் டைகர், 'வார்', 'பதான்' படங்களின் உளவாளிகளை ஒரே தெருவில் குடிவைத்த மாதிரி வைத்திருக்கிறது. 2023-ல் வந்த 'பதான்' படத்தில் டைகர் நடுவில் வந்து உதவிவிட்டுப் போவார். எதிர்வீட்டுக்காரர் நம் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறிவிட்டுப் போவது போலத்தான். அவர் வீட்டுக் கதை தனி.

மூன்றாவதுதான் நம்முடையது: இரண்டு பாகப் படம். ஒரே கதை. முதல் பாகத்தில் அதன் முதல் பாதி, இரண்டாவதில் மீதி. ஒன்றை விட்டால் மற்றது நொண்டும். இரண்டையும் பெரும்பாலும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அதற்கு சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பேக் டு பேக்': முதல் பாகம் வெளியாவதற்காகக் காத்திருக்காமல் இரண்டு பாகத்தின் காட்சிகளையும் ஒரே படப்பிடிப்பில் எடுப்பது.

சுருக்கமாக: தொடர்ச்சிப் படம் வெற்றிக்குப் பிறகு பிறப்பது. இரண்டு பாகப் படத்தில் வெற்றியா தோல்வியா என்று தெரிவதற்கு முன்பே இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் இருக்கிறது.

பந்தல் கணக்கு

ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வரன் அமைந்துவிட்டது. இரண்டு கல்யாணத்தையும் ஆறு மாத இடைவெளியில் வைக்கலாம். ஒரே பந்தலில் அடுத்தடுத்த நாளும் வைக்கலாம். ஒரே பந்தலில் வைத்தால் பந்தல்காரருக்கு ஒரு முறைதான் மூங்கில் ஏற்றி இறக்கும் கூலி. சமையல் மாஸ்டர் அண்டா குண்டாவோடு ஒரு தடவைதான் வருவார். துபாயிலிருந்து சித்தப்பா ஒரு டிக்கெட்டில் இரண்டு கல்யாணத்தையும் பார்த்துவிட்டுப் போவார். செலவு ஒரு கல்யாணத்தைவிடக் கூடுதல், இரண்டு தனிக் கல்யாணத்தைவிடக் குறைவு.

பேக் டு பேக் படப்பிடிப்பின் கணக்கு இதேதான். ஒரு செட் போட 10 கோடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகச் சொல்லும் தொகை). முதல் பாகத்துக்குப் போட்டு, பிரித்து, இரண்டு வருஷம் கழித்து மறுபடி போட்டால் 20 கோடி. விலைவாசியைச் சேர்த்தால் அதற்கும் மேல். சேர்த்து எடுத்தால் அதே 10 கோடியோடு செட்டைக் கூடுதல் நாள் காவல் காக்கும் செலவு மட்டும்.

பந்தலுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரண்டு நாளுக்கான மொத்தப் பணமும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் இரண்டு கல்யாணமும் நனையும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை வரிசை வேறு, எடுக்கும் வரிசை வேறு

புதிதாகக் கேட்பவர்கள் இடறும் இடம் இதுதான். முதலில் முதல் பாகத்தை எடுத்து முடிப்பார்கள், மறுநாள் இரண்டாம் பாகத்தைத் தொடங்குவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்தால் பேக் டு பேக்கால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

சாமான் வாங்கப் போகும்போது என்ன செய்கிறோம்? இன்றைக்கு சாம்பாருக்கும் நாளைக்கு வத்தக்குழம்புக்கும் வேண்டியதை எழுதிக்கொண்டு போகிறோம். மளிகைக் கடையில் இரண்டுக்கும் வேண்டிய பருப்பு, புளியை வாங்கிவிட்டுத்தான் காய்கறிக் கடைக்குப் போவோம். சாம்பாருக்கு ஒரு சுற்று, வத்தக்குழம்புக்கு ஒரு சுற்று என்று யாரும் அலைவதில்லை. படப்பிடிப்பிலும் சாமான் பட்டியல் சமையல் வாரியாக இல்லை, கடை வாரியாக இருக்கும். இங்கே கடை என்பது இடமும் நடிகரும்.

ஒரு கற்பனை உளவாளியை எடுத்துக்கொள்வோம். எதிரி நாட்டு நகரம் ஒன்றில் ஒரு டீக்கடை. முதல் பாகத்தில் ஆள் தெரியாத புதியவனாக அங்கே வந்து டீ கேட்கிறான், அது 12-வது காட்சி. 40-வது காட்சியில் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரகசியச் செய்தி வாங்குகிறான். இரண்டாம் பாகத்தில் நாலு வருஷம் கழித்து அதே கடைக்குத் திரும்புகிறான், 131-வது காட்சி. 168-வது காட்சியில் கடை எரிகிறது. கதைப்படி நாலு காட்சிக்கும் நடுவே வருஷக்கணக்கு. படப்பிடிப்பில் நாலும் ஒரே வாரம். திங்கள் 12, செவ்வாய் 40. புதன்கிழமை ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் பலகையைக் கொஞ்சம் வெளிறடித்து, பெயின்டைச் சுரண்டி, பாய்லரில் கரி ஏற்றி, கடைக்கு நாலு வயது கூட்டுவார்கள். வியாழன் 131. வெள்ளிக்கிழமை ராத்திரி கொளுத்துவார்கள். கொளுத்துவது ஏன் கடைசி என்று சொல்லத் தேவையில்லை.

டீக்கடைக்காரராக நடிப்பவருக்கு இதனால் ஐந்து நாள் வேலையோடு முடிந்துவிடும். ஒரு நடிகர் இந்தந்த நாளில் உங்கள் படத்துக்கு என்று எழுதிக் கொடுக்கும் தேதிகளுக்கு கால்ஷீட் என்று பெயர். இப்படி ஒரே இடத்தில் தொடர்ந்து எடுக்கும் நாட்களின் தொகுப்பு ஷெட்யூல். பெரிய படம் என்றால் ஏழெட்டு ஷெட்யூல் சாதாரணம். ஒவ்வொன்றிலும் இரண்டு பாகக் காட்சிகளும் கலந்தே கிடக்கும். ஒரே நாள் காலையில் நாயகன் முதல் பாகத்தில் நட்பாகிறவனோடு கைகுலுக்குவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் பாகத்தில் அவனையே சுடுவார்.

கராச்சியை எங்கே வாங்குவது?

குடும்பக் கதையைச் சேர்த்து எடுக்காமல் தனித்தனியாக எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. உளவுக் கதையில் அப்படி முடியாது. காரணம், கதை நடக்கும் ஊருக்கு நீங்கள் போகவே முடியாது.

'துரந்தர்' கதை நடப்பது கராச்சியின் லியாரியில். கராச்சியின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று அது. உண்மையில் அங்கே 2000-களில் பெரிய ரவுடிக் கும்பல்களின் சண்டை நடந்தது. அக்‌ஷய் கன்னா நடித்த ரஹ்மான் டகைத் உண்மையிலேயே இருந்த ஆள், 2009-ல் போலீஸ் என்கவுன்டரில் செத்தவர். சஞ்சய் தத் ஏற்ற சவுத்ரி அஸ்லமும் நிஜ போலீஸ் அதிகாரி, 2014 ஜனவரியில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். (லியாரிக்காரர்களுக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தால் அது நியாயம். பாகிஸ்தானில் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் பெயர் போன இடம் அது. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் பிரேசில் கொடி கட்டிக் கால்பந்து பார்க்கிறவர்கள். சினிமாவில் வருவது துப்பாக்கி மட்டும்தான்.)

இந்தியப் படக்குழு கராச்சிக்குப் போய் கேமரா வைக்க முடியாது. அதனால் லியாரியை பாங்காக்கில் கட்டினார்கள். ஏறக்குறைய ஆறு ஏக்கரில் தெரு, மாடி வீடு, கடை, உருதுப் பெயர்ப்பலகை எல்லாம். பாகிஸ்தான் காட்சிகளில் இன்னொரு பகுதியைப் பஞ்சாபில் எடுத்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே வயல், ஒரே செங்கல் சுவர் என்பதால் இது பழைய வழக்கம். பின்லேடனைத் தேடும் கதையான 'ஸீரோ டார்க் தர்ட்டி'க்கு அமெரிக்கர்களே 2012-ல் சண்டிகரில் வந்து பாகிஸ்தான் தெருக் காட்சிகளை எடுத்தார்கள். கடைப் பலகையை மாற்றி, ஆட்டோவின் நம்பர் பிளேட்டை மாற்றியதில், ஊரைப் பாகிஸ்தானாகக் காட்டுகிறார்களே என்று உள்ளூரில் ஆர்ப்பாட்டம்கூட நடந்தது.

ஏன் பாங்காக்? மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், திறந்தவெளியில் மண்சுவர் செட் போட்டால் கரைந்துவிடும் என்பது ஒரு பொதுக் காரணம். பாங்காக்கிலும் மழை உண்டு. ஆனால் வெளிநாட்டுப் படங்களுக்கு வேலை செய்து பழகிய செட் ஆட்களும் துணை நடிகர்களும் அங்கே தாராளம். வெளிநாட்டுப் படக்குழு அங்கே செய்யும் செலவில் ஒரு பங்கைத் தாய்லாந்து அரசே திருப்பியும் கொடுக்கிறது.

இப்போது டீக்கடைக் கணக்குக்கு வாருங்கள். ஆறு ஏக்கர் கராச்சியை அந்நிய நாட்டில் கட்டியாகிவிட்டது. நிலத்துக்கு வாடகை ஓடுகிறது. நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு விசா, ஓட்டல். இந்த நிலைமையில் எந்தத் தயாரிப்பாளராவது "முதல் பாதியை மட்டும் எடுப்போம், ஓடினால் திரும்பி வருவோம்" என்று சொல்வாரா? அந்தத் தெருவில் நடக்கும் காட்சி எந்தப் பாகத்தில் இருந்தாலும் அப்போதே சுருட்டிக்கொண்டு வந்துவிடத்தான் பார்ப்பார்.

இதுவரை வந்ததை ஒரு வரியில் வைத்தால், கதையைப் பாகம் பாகமாகப் பார்ப்பது நாம். படக்குழு பார்ப்பது இடம் இடமாக. போக முடியாத ஊரைக் கட்டியெழுப்பும் உளவுப் படத்தில் இது இன்னும் அழுத்தம்.

தாடி விஷயம்

சலூன் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது தலையாட்டினாரே தவிர முழுசாக நம்பவில்லை. தாடியைப் பற்றிச் சொன்னதும்தான் நாற்காலியைத் திருப்பினார்.

அடுத்தடுத்து வரும் காட்சிகளில் உடை, முடி, காயம், கையில் இருக்கும் பொருள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்ற கணக்குக்குப் படப்பிடிப்பில் கன்டினியூட்டி என்று பெயர். வாசலுக்கு வெளியே நீலச் சட்டையோடு கதவைத் திறந்தவன் உள்ளே நுழையும்போதும் நீலச் சட்டையில்தான் இருக்க வேண்டும். வெளிப்புறம் பஞ்சாபில் மார்ச்சிலும் உட்புறம் மும்பையில் அக்டோபரிலும் எடுத்திருந்தால்கூட. இதைக் கவனிப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநர் இருப்பார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுத்து வைப்பார். இடது புருவத்தில் வெட்டு, தையல் இரண்டு. மேல் பட்டன் திறந்திருக்கிறது. மோதிரம் வலது கை நடுவிரல். டீ கிளாஸ் முக்கால்.

ஒரே படத்துக்கே இது தலைவலி. இரண்டு பாகத்தைக் கலந்து எடுக்கும்போது ஒரே நாளில் நாயகனுக்கு இரண்டு வயது, இரண்டு உடம்பு. உளவுப் படமென்றால் அதற்கும் மேலே மாறுவேஷம். பயிற்சிக்கு முன் ஒல்லியாக, தாடி இல்லாமல். எதிரி நாட்டில் ஊன்றிய பிறகு நீள முடி, அடர்ந்த தாடி. ஊர் திரும்பும்போது மறுபடி மழமழவென்று.

சட்டையை நொடியில் மாற்றலாம். தழும்பை மேக்கப்காரர் ஒட்டி எடுப்பார். சொந்தத் தாடியை அப்படிச் செய்ய முடியாது. எடுப்பது ஐந்து நிமிஷம், வளர்ப்பது மூன்று நாலு மாசம். எனவே ஷெட்யூல் போடும்போது முதல் கேள்வியே "தாடி இருக்கிற காட்சிகள் எத்தனை, எந்தெந்தப் பாகத்தில்?" என்பதுதான். தாடிக் காட்சிகள் மொத்தத்தையும், இரண்டு பாகத்திலிருந்தும் பொறுக்கி, முதலில் முடிப்பார்கள். அப்புறம்தான் சவரம். நடுவில் ஒன்றை மறந்துவிட்டால் ஒட்டுத்தாடி. தூரத்தில் வைத்து எடுத்தால் தெரியாது. முகத்தை நெருங்கி எடுத்தால், தாடை அசையும்போது ஓரத்தில் பசை பளபளக்கும்.

"ஒட்டுத்தாடி கன்னத்தோட சேர்ற எடத்துல முடி ஒரே திசையா இருக்கும்ணே. நெஜத் தாடி காதுக்குக் கீழ சுழியும்," என்றார் தம்பி. அது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து படம் பார்த்தால் கண் அங்கேதான் போகிறது.

எங்கே வெட்டுவது?

எடுத்தாகிவிட்டது. ஏழெட்டு மணி நேரத்துக்கான காட்சிகள் எடிட்டர் மேஜையில் கிடக்கின்றன. ஏன் மொத்தத்தையும் ஒரே படமாகப் போடக் கூடாது?

தியேட்டர்காரரின் கடிகாரம் பதில் சொல்லும். காலை 9 மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடினால் 15 மணி நேரம். இரண்டரை மணிப் படமென்றால், கூட்டம் வெளியேற, கூட்டிப்பெருக்க அரை மணி சேர்த்து, ஐந்து ஷோ போடலாம். மூன்றரை மணிப் படமென்றால் மூன்று, இழுத்துப் பிடித்தால் நாலு. ஏழு மணிப் படத்துக்கு இரண்டுதான். அதிலும் ஒன்று வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரம்.

ஆள் இருந்தும் திரை கிடைக்காமல் வெட்டுப்பட்ட படத்துக்கு இந்தியிலேயே நல்ல உதாரணம் 'கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்'. அனுராக் காஷ்யப் ஒரே படமாக எடுத்தார், 319 நிமிடம். 2012 மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில், இயக்குநர்கள் பிரிவில் முழுசாகக் காட்டினார்கள். ஊரில் அவ்வளவு நீளப் படத்தைத் திரையிட தியேட்டர் தயாரில்லை. அதனால் ஜூன் 22 ஒரு பாகம், ஆகஸ்ட் 8 மறுபாகம். நம் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்ன "ஒரே படத்தை ரெண்டா வெட்டுறது" இதுதான். ஆக, இரண்டு பாகத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. தொடக்கத்திலேயே இரண்டு என்று எழுதுவது ஒன்று. ஒன்றாக எடுத்துப் பார்த்து, அடங்கவில்லை என்று பிரிப்பது இன்னொன்று. தமிழில் 'பொன்னியின் செல்வன்' முதல் வகை. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்த இரண்டு பாகமும் தொடக்கத்திலேயே இரண்டாகத் திட்டமிட்டுச் சேர்த்து எடுத்தவை.

வெட்டும் இடத்தைப் பிடிப்பதுதான் என் கணக்கில் மொத்த வேலையிலும் கடினமானது. கேக்கை வெட்டுவதுபோல நடுவில் கத்தி வைக்க முடியாது. முதல் பாகம் பார்த்துவிட்டு வெளியே வருபவர் இரண்டு உணர்ச்சியோடு வர வேண்டும்: கொடுத்த காசுக்கு ஒரு கதை முடிந்தது. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. முதலாவது இல்லாவிட்டால் ஏமாந்த கோபம். இரண்டாவது இல்லாவிட்டால் அடுத்த பாகத்துக்கு வரமாட்டார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். 'தொடரும்' என்று எழுதுவதற்கு முந்தின பத்தியில் ஒரு சின்ன முடிச்சு அவிழும், பெரிய முடிச்சு ஒன்று விழும். இரண்டு பாகப் படத்தில் வழக்கமாகச் செய்வது, ஒரு எதிரியை முதல் பாகத்திலேயே ஒழித்துக்கட்டி, அவனுக்குப் பின்னால் இருக்கும் பெரிய எதிரியை மீதம் வைப்பது. உளவுக் கதைக்கு இது தானாகவே பொருந்தும். உள்ளே நுழைந்து நம்பிக்கை சம்பாதிப்பது ஒரு கதை, அந்த நம்பிக்கையை வைத்துக் கவிழ்ப்பது அடுத்த கதை.

இந்தியப் படத்தில் இன்னொரு சிக்கல், இடைவேளை. வெளிநாட்டில் இரண்டு பாகமென்றால் ஒரு வெட்டுதான் யோசிக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவில் பாப்கார்ன் விற்கும் பதினைந்து நிமிஷம் உண்டு. அந்த இடத்திலும் ஒரு திருப்பம் இருக்க வேண்டும். ஆக, கதை நாலு துண்டு, உச்சம் நாலு. ஒரே படமாக எழுதியிருந்தபோது இடைவேளைக்கென்று யோசித்த காட்சி, பிரித்த பிறகு முதல் பாகத்தின் முடிவாகப் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் முதல் பாகத்துக்குப் புது இடைவேளை தேட வேண்டும். சில படங்களில் இடைவேளை ஏதோ சம்பந்தமில்லாத இடத்தில் சட்டென்று விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரித்த பிறகு எல்லாமே இரண்டிரண்டு. தணிக்கைச் சான்றிதழ் தனித்தனி, ஒலிக்கலவை தனித்தனி, விளம்பரம் தனித்தனி. முதல் 'துரந்தர்' வாங்கியது 'ஏ' சான்றிதழ். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்தே அப்படி வெளியிட்டார்கள்.

மழை பிடித்தால்

பந்தலில் சொன்ன ஆபத்து இங்கே வருகிறது. இரண்டு பாகத்துக்கான பணமும் முதல் பாகத்தின் முதல் டிக்கெட் விற்கும் முன்பே செலவாகிவிடுகிறது. 100 கோடி கடன், வருஷத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாசம் ஒரு கோடி வட்டி. எடுத்த இரண்டாம் பாகம் ஒரு வருஷம் பெட்டியில் தூங்கினால் 12 கோடி போச்சு. 104 நாளில் அடுத்த பாகத்தை இறக்கத் துடிப்பதற்கு ரசிகர்களின் ஆவல் ஆறிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். வட்டி ஆறாது என்பது இன்னொன்று.

தூங்கிய கதை ஒன்று நம் ஊரிலேயே உண்டு. கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' தமிழிலும் இந்தியிலும் எடுத்த உளவுப் படம். கதக் நடன ஆசிரியராக வேஷம் போட்ட, இந்திய உளவு அமைப்பான 'ரா'வின் உளவாளியின் கதை. 2013-ல் வந்தது. இரண்டாம் பாகத்தின் கணிசமான பகுதியை முதல் பாகத்தோடேயே எடுத்திருந்தார்கள். ஆனால் அது திரைக்கு வந்தது 2018 ஆகஸ்ட் 10. ஐந்தரை வருஷம். அதற்குள் முதல் படத்தில் விழுந்த முடிச்சுகளைப் பார்வையாளர்கள் மறந்துவிட்டார்கள். இரண்டாவதைப் பார்த்த பலருக்கு இன்னார் யார், ஏன் கோபப்படுகிறார் என்றே பிடிபடவில்லை.

முதல் பாகமே பிடிக்காமல் போனால் இன்னும் சங்கடம். 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' முடியும்போது 'இந்தியன் 3'-ன் முன்னோட்டம் காட்டினார்கள். சேர்த்து எடுத்தவைதான். இரண்டாவது எதிர்பார்த்தபடி போகவில்லை, மூன்றாவது அப்போது சொன்ன வேகத்தில் வரவில்லை. ஹாலிவுட்டும் தப்பவில்லை. 'மிஷன் இம்பாசிபிள்' ஏழாவது படம் 2023-ல் 'பார்ட் ஒன்' என்ற வாலோடு வந்து எதிர்பார்த்த வசூலை எட்டவில்லை. அடுத்ததற்கு 'பார்ட் டூ' என்ற பெயரையே எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்து 2025-ல் விட்டார்கள். பாதிக் கதைக்கு எதற்குக் காசு கொடுப்பது என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 'துரந்தர்' தலைப்பில் 'பாகம் 1' இல்லாததற்கு இதுதான் காரணமா என்று சொல்லமாட்டேன், ஆனால் வியாபாரம் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

நடிகர்கள் வைத்த கேள்வி

பக்கத்து நாற்காலிக்காரரின் "ரெண்டு டிக்கெட்" புகாரை அந்தக் காலத்திலேயே கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர்கள் ரசிகர்கள் இல்லை, நடிகர்கள். 1973-ல் ரிச்சர்ட் லெஸ்டர் 'தி த்ரீ மஸ்கடியர்ஸ்' எடுத்தார். ஆலிவர் ரீட், ராக்கெல் வெல்ச், கிறிஸ்டோபர் லீ என்று பெரிய பட்டாளம். ஒரு நீளப் படம் என்று நினைத்து நடித்தார்கள், ஒரு படத்துக்கான சம்பளம் வாங்கினார்கள். தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பத்தார் அதை இரண்டாகப் பிரித்து, மறு பாதியை 1974-ல் 'தி ஃபோர் மஸ்கடியர்ஸ்' என்று தனிப் படமாக விற்றார்கள். இரண்டு படத்துக்கு நடித்திருக்கிறோம், ஒரு சம்பளம்தானா என்று நடிகர்கள் வழக்குப் போட்டார்கள்.

அதன் பிறகு அமெரிக்க நடிகர் ஒப்பந்தங்களில் ஒரு புது வரி நுழைந்தது: இந்தப் படப்பிடிப்பிலிருந்து எத்தனை படம் வெளியாகும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அந்த வரிக்கு இன்றைக்கும் தயாரிப்பாளரின் பெயர்தான், 'சால்கைண்ட் ஷரத்து'.